வரியில்லாப் பையில் எதை இடுவது?

சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து, முன்விறாந்தையிற் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, மாணவரின் விடைத்தாள்களை மடியில் வைத்தபடி அரைத் தூக்கத்தில் இருந்தோம். ஹெந்தளையில் ஞாயிறு மத்தியானம் என்றால் அப்படித்தான். தேவாலய மணி ஓய்ந்து, ஹமில்ரன் வாய்க்காலின் பக்கமிருந்து வரும் காற்றும் ஓய்ந்து, தெருநாய்களும் மதில் நிழலிற் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு வந்தார் எமது தமக்கையின் கணவர். கையிலே தொலைபேசி, முகத்திலே கலவரம்.

“தம்பி, லண்டனிலையும் ஈ.ரி.எப். கட்டுறாங்களோ?” என்றார்.

எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொழும்பிலே வேலை பார்த்தவர் எவருக்கும் ஈ.ரி.எப். என்றால் ஒரே பொருள்தான். 1981ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கப்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியம் அது. தொழில் கொள்வோர் தம் ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்தைத் தம் கையிலிருந்து அதற்குச் செலுத்துவர். கிழக்கு லண்டனில் மருத்துவத் தாதியாக இருக்கும் எமது மருமகளுக்கும் இந்நிதியத்துக்கும் என்ன தொடர்பு? தொலைபேசியை வாங்கிப் பார்த்தோம். “அப்பா, மாமாவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ. வரியில்லாக் கணக்கிலை ஈ.ரி.எப். போடுறது நல்லதோ, யூனிற் ரஸ்ற் போடுறது நல்லதோ? ஏப்பிரல் ஐந்துக்கு முதல் போட வேணும்” என்று பிள்ளை எழுதியிருந்தாள்.

கல்லூரியிற் கணிதம் கற்பிப்பவருக்குக் காசுக் கணக்குந் தெரியும் என்பது எமது குடும்பத்தாரின் நெடுநாளைய மயக்கம். எமது சம்பளப் பட்டியலைக் கண்டவர் எவரும் அம்மயக்கத்தில் நிலைப்பதில்லை. ஆயினும் கேட்டவள் நாம் தூக்கி வளர்த்த பிள்ளை. கேள்வியும் அவளுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கும் பெற்றோர் பலருடைய வீட்டில் இன்று இக்கேள்வி வேறு வேறு உருவில் எழுகின்றது. ஆகவே அன்றிரவு தொடங்கி ஒரு வாரம் நாம் படித்ததையும் கணக்கிட்டதையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அத்தானின் கலவரத்தைச் சொல்ல வேண்டும். அவர் முப்பத்தோராண்டு கோட்டையில் ஒரு வர்த்தக நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இளைப்பாறியபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் ஒன்றாக்கி, வங்கி தருவதிலும் நூற்றுக்கு நான்கு கூடுதலாகத் தருவதாகச் சொன்ன ஒரு நிதிக் கம்பனியில் வைப்பிலிட்டார். பத்து மாதம் வட்டி தவறாமல் வந்தது. பதினோராம் மாதம் கதவு பூட்டப்பட்டது. வாசலில் நின்ற நூற்றுக்கணக்கானோரில் அத்தானும் ஒருவர். மழையில் நனைந்துகொண்டு மாலை வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பல ஆண்டு கழித்து ஒரு பகுதி வந்தது. அதற்குள் அக்காவின் காப்புகள் செட்டியார் தெருவுக்குப் போய்விட்டன. அன்று தொட்டு ‘நிதியம்’ என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். இன்று மகளிடம் 12,000 பவுண் சேர்ந்திருக்கின்றது. மாதம் 200 பவுண் மேலும் மிச்சம் பிடிக்க அவளால் இயலும். இரவுக் கடமை பார்த்துச் சேர்த்த காசு. அதுதான் நாளை அவள் வாங்க நினைக்கும் வீட்டுக்கு முற்பணம். அதுவே தாய் தந்தையரின் முதுமைக்கும் கைத்தடி.

“அங்கை ஒண்டும் வேண்டாம், இஞ்சை அனுப்பச் சொல்லும். வங்கியிலை நிலையான வைப்பிலை போடுவம். இருபத்தைஞ்சு வீதம் குடுத்தவங்கள் எல்லே?” என்றார் அத்தான்.

குடுத்தவர்கள்தான். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டு வங்கிகள் இருபதுக்கு மேல் வட்டி தந்தன. ஆனால் அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மாதத்துள் 350 ரூபாவைத் தாண்டியது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஓராண்டுள் நூற்றுக்கு எழுபது வரை ஏறியிருந்தது. அந்த வட்டி ஓடுகின்ற படகைக் கரையில் நின்று எட்டிப் பிடிக்க முயன்ற வட்டி. இதை அத்தானுக்குச் சொன்னோம். அவர் தலையசைத்தார், உடன்பட்டார் என்று அதற்குப் பொருளில்லை.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அவள் கேட்ட கேள்விக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடந்தன. ஒன்று பை, மற்றது பைக்குள் இடும் பண்டம். வரியில்லாக் கணக்கு என்பது பை. அலகு நிதியமும் பங்குச் சந்தை நிதியமும் பண்டங்கள். பையைப் பற்றிய சட்டம் அரசாங்கத்துடையது. பண்டத்தின் தரம் அதனை நடத்துவோருடையது. வரியில்லை என்பதனால் நட்டமில்லை என்று எண்ணிவிடுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவரே.

பிரித்தானியாவில் இப்பைக்கு ஐ.எஸ்.ஏ. என்று பெயர். 1987இல் தொடங்கிய பெப் என்ற பங்குச் சேமிப்புத் திட்டத்துக்கும் 1991இல் தொடங்கிய ரெஸ்ஸா என்ற வங்கிச் சேமிப்புத் திட்டத்துக்கும் பதிலாக 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி இது வந்தது. முதலில் ஆண்டுக்கு 7,000 பவுண் வரை இடலாம் என்றிருந்தது. 2017 ஏப்பிரல் தொடக்கம் 20,000 பவுண். உள்ளே இட்ட பணம் எவ்வளவு வளர்ந்தாலும், பங்கிலாபம் எவ்வளவு வந்தாலும், திருப்பி எடுக்கும்போது அந்நாட்டு வருமான வரியும் மூலதன ஆதாய வரியும் இல்லை. ஓராண்டில் இடாமல் விட்ட இடம் அவ்வாண்டோடு போய்விடும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது. பிள்ளை அவசரப்பட்டதன் காரணம் அதுவே. அவர்களுடைய வரியாண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி முடிகின்றது. ஏன் இந்த விசித்திரமான நாள் என்று கேட்பவருக்கு: 1752இல் ஆங்கிலேயர் தம் நாட்காட்டியைத் திருத்திப் பதினொரு நாளைக் கழித்தபோது, வரிக் கணக்கில் அந்தப் பதினொரு நாளை விட்டுக்கொடுக்கத் திறைசேரிக்கு மனம் வரவில்லை. அதன் எச்சமே இது. நம் சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாக அங்கே வரிப் பிறப்பு.

ரொறன்ரோவில் உள்ள நம் உறவினருக்கு 2009ஆம் ஆண்டு முதல் இதுபோன்ற கணக்கு உண்டு. 2025இல் அதன் ஆண்டு எல்லை 7,000 கனேடிய டொலர். அங்கே இடாமல் விட்ட இடம் அழியாமற் சேர்ந்துகொண்டே வரும் என்பது சிறப்பு. தேர்பன் நகரத் தமிழர் வாழும் தென்னாபிரிக்காவிலும் 2015 மார்ச்சு முதல் ஒரு திட்டம் நடைபெறுகின்றது. அங்கும் பேச்செல்லாம் இந்த ‘அலகா, சந்தையா’ என்பதுதான்.

நம் நாட்டில் இத்தகைய தனிப் பை வகுக்கப்படவில்லை. ஆனால் 2025 ஏப்பிரலில் தொடங்கிய வரியாண்டு முதல், ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபா வரை தனியாள் விடுகை உண்டு. அதே நாளிலிருந்து வைப்பு வட்டியில் வங்கிகள் நூற்றுக்குப் பத்து வரியாகக் கழிக்கின்றன. வருமானம் எல்லைக்குட்பட்டவர் தம் வங்கியில் வெளிப்படுத்தற் படிவத்தைக் கொடுத்தால் அக்கழிவிலிருந்து விடுபடலாம். இப்படிவத்தைக் கொடுக்காமல் மாதந்தோறும் பத்திலொன்றை இழந்துகொண்டிருக்கும் முதியோரை எமது ஒழுங்கையிலேயே மூவரைக் கண்டோம். அவர்களில் அத்தானும் ஒருவர்.

பை எத்துணை பயனுடையது? பன்னீராயிரம் பவுண் வைத்திருப்பவளுக்கு இன்று பெரும் பயன் இல்லை என்பதே உண்மை. ஆனால் பிரித்தானியாவில் வரியின்றிப் பெறக்கூடிய மூலதன ஆதாயம் ஆண்டுக்கு 12,300 பவுணாக இருந்தது, 2023இல் 6,000 ஆகி, 2024இல் 3,000 ஆகிவிட்டது. பங்கிலாபத்துக்கு இருந்த 2,000 பவுண் விலக்கு 2024இல் 500க்கு வந்துவிட்டது. வெளியே குடை சிறுத்துக்கொண்டு வருகின்றது. இருபதாண்டு சேமிக்கப்போகின்றவளுக்குப் பை வேண்டும்.

பண்டங்களைப் பார்ப்போம்.

அலகு நிதியத்தைச் சங்கக்கடைக்கு ஒப்பிடலாம். பலருடைய காசை ஒன்றாக்கி, பல கம்பனிப் பங்குகளை வாங்கி, மொத்தத்தைச் சம அலகுகளாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் போட்ட அளவுக்குக் கொடுப்பார்கள். விலை நாளுக்கு ஒருமுறை கணிக்கப்படும்: உள்ளிருக்கும் பங்குகளின் அன்றைய பெறுமதியை அலகுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. இன்று காலையிற் காசு கட்டினாலும் மாலையிற் கட்டினாலும், அடுத்து வரும் கணிப்பின் விலையே அனைவர்க்கும். பேரம் இல்லை. பிரித்தானியாவில் 1931இல் எம் அண்ட் ஜி என்ற நிறுவனம் இதனை முதன்முதலில் அறிமுகப்படுத்தியது. இலங்கைக்கு 1991இல் வந்தது.

சந்தை நிதியமோ பேலியகொடை மீன் சந்தை. அதற்குள்ளும் அதே பங்குக் கூட்டந்தான். ஆனால் அதன் அலகே ஒரு கம்பனிப் பங்கு போலச் சந்தையில் நாள் முழுதும் கைமாறும். பத்து மணிக்கு ஒரு விலை, பத்தேகாலுக்கு இன்னொரு விலை. வாங்குவோன் கேட்கும் விலையும் விற்போன் சொல்லும் விலையும் ஒன்றாயிரா. இவ்வகை முதலிற் பிறந்த இடம் ரொறன்ரோ, 1990இல். 1993இல் நியூயோர்க்கில் வந்தது. நியூயோர்க்கில் இதனை வகுத்தவர் நேதன் மோஸ்ற். அவர் முன்னாளிலே தாவர எண்ணெய் வணிகத்தில் இருந்தவர். எண்ணெயைக் களஞ்சியத்தில் விட்டுவிட்டு, களஞ்சியச் சீட்டை மட்டும் கைமாற்றி விற்பது அவ்வணிகத்தின் வழக்கம். பீப்பாயை உருட்ட வேண்டியதில்லை. பங்குகளையும் அப்படியே பூட்டி வைத்துவிட்டு, அவற்றுக்கான சீட்டைச் சந்தையில் விற்றால் என்ன என்று அவர் நினைத்தார். குறைந்த செலவு நிதியங்களின் முன்னோடியான ஜோன் போகிலிடம் 1992இல் இத்திட்டத்தைக் கொண்டுபோனார், போகில் உடன்படவில்லை. மக்கள் காலையில் வாங்கி மாலையில் விற்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். அவ்வச்சம் பொய்யென்று எவருஞ் சொல்லார். ஆயினும் மோஸ்றின் சீட்டு இன்று உலகெங்கும் விற்பனையாகின்றது.

“அதெல்லாஞ் சரி. காசு ஆருடைய கையிலை இருக்கும்?” என்றார் அத்தான்.

ஒரு வாரத்திற் கேட்ட கேள்விகளுள் இதுதான் தலையாயது. அவர் நிதிக் கம்பனியிற் போட்டது வைப்பு. அஃதாவது கம்பனிக்குக் கொடுத்த கடன். கம்பனி முறிந்தால் கடன்காரர் வரிசையிற் போய் நிற்க வேண்டும். அலகு நிதியத்திலும் சந்தை நிதியத்திலும் போடுவது கடனன்று. பங்குகள் வேறொரு நிறுவனத்தின், பெரும்பாலும் ஒரு பெரிய வங்கியின், காப்பில் இருக்கும். அவை முதலிட்டோருக்கு உரியவை. நடத்துகின்றவர் நொடித்தாலும் அவருடைய கடன்காரர் அப்பெட்டியில் கைவைக்க இயலாது. இலங்கையிலும் அலகு நிதியத்தை நடத்துபவர் ஒருவர், சொத்தைக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் வேறொருவர் என்பதே சட்டம்.

இதைக் கேட்டு அத்தானின் முகம் சிறிது தெளிந்தது. நாம் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசிரியத் தொழிலின் கேடு, அடுத்த பாடத்தையுஞ் சொல்லிவிடுவது. இந்தியாவின் யூனிற் ரஸ்ற் கதையைச் சொன்னோம்.

1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1964 பெப்ருவரியில் தொடங்கியது இந்திய யூனிற் ரஸ்ற். அதன் முதல் திட்டமான ‘யூ.எஸ். 64’ இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களில் வங்கிப் புத்தகத்துக்குச் சமமாக மதிக்கப்பட்டது. இளைப்பாறியோரும் விதவைகளும் அதை அரசாங்கத்தின் வாக்கென்றே நம்பினர். ஆனால் அதன் விலை உள்ளிருந்த சொத்தின் பெறுமதியிலிருந்து கணிக்கப்பட்டதன்று. நிர்வாகம் அறிவித்த விலை. பங்குகள் விழுந்தபோதும் அறிவித்த விலை விழவில்லை. 2001ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் பதினான்கு ரூபாவுக்கு மேல் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்த பெறுமதி அதனிலும் வெகு தாழ்வு. அறிந்த பெரிய கம்பனிகள் ஏப்பிரல், மே மாதங்களில் வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஜூலை 2ஆம் திகதி கதவு மூடப்பட்டது. விற்பதும் இல்லை, திருப்பி வாங்குவதும் இல்லை. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் வெளியே நின்றார்கள். அவ்வாண்டின் இறுதியில் முதன்முறையாக உண்மைப் பெறுமதியை வெளியிட்டபோது அது ஏறத்தாழ ஆறு ரூபாவாக இருந்தது. பின்னர் அரசாங்கம் கைகொடுத்தது. 2003இல் அலகுகளுக்குப் பதிலாக நூற்றுக்கு 6.75 வட்டியில் ஐந்தாண்டு வரியில்லாப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. இந்தியாவின் முதலாவது சந்தை நிதியம் அதே 2001ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றியது என்பதைத் தற்செயல் என்றே கொள்வோம்.

“பாத்தீரோ!” என்று அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அக்கா தேநீர் கொண்டுவந்து அவரை மறுபடி இருத்த வேண்டியதாயிற்று.

யூ.எஸ். 64 கவிழ்ந்தது விலையை ஒருவர் மனம்போனபடி சொன்னதனால். ஆகவே எந்த நிதியமானாலும் நாம் கேட்க வேண்டியது: விலையை யார் சொல்கின்றார், எதைக் கொண்டு சொல்கின்றார்? இன்றைய பிரித்தானிய அலகு நிதியத்தில் அன்றாடம் சொத்தைக் கணித்தே விலை வரும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி அங்கே வூட்போர்ட் பங்கு வருமான நிதியம் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. நாள்தோறும் எடுக்கலாம் என்று சொல்லிச் சேர்த்த பணத்தை, நாளில் அல்ல, மாதத்திலும் விற்க இயலாத, சந்தையில் இல்லாத கம்பனிகளில் ஒரு பகுதி போட்டிருந்தார்கள். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பணம் அதில் அகப்பட்டது. சந்தை நிதியத்துக்கும் அதற்குரிய கண்டம் உண்டு. 2015 ஆகஸ்ட் 24ஆம் திகதி காலை நியூயோர்க்கிற் சந்தை திறந்த சிறிது நேரத்தில் சில சந்தை நிதியங்கள் உள்ளிருந்த பங்குகளின் பெறுமதியிலும் மிகத் தாழ்ந்து விற்கப்பட்டன. ‘எந்த விலைக்கானாலும் விற்று விடு’ என்று ஆணை கொடுத்திருந்தவர்கள் அழுதார்கள். மாலைக்குள் விலை சமநிலைக்கு மீண்டது, விற்றவர் மீளவில்லை. மீன் சந்தைக்குப் போகிறவர் ‘இன்ன விலைக்கு மேல் வேண்டாம்’ என்று வரையறுத்துச் சொல்லியனுப்ப வேண்டும். தரகர் நிலையங்கள் பல அவ்வசதியைத் தருகின்றன, பலர் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு வேற்றுமையும் பெற்றோர் அறியத்தக்கது. பிரித்தானியாவில் அனுமதி பெற்ற அலகு நிதியத்தை நடத்துபவர் முறிந்து, அதனால் முதலிட்டவருக்கு இழப்பு நேர்ந்தால், 85,000 பவுண் வரை ஈடுசெய்யும் திட்டம் உண்டு. லண்டன் சந்தையில் விலைபோகும் சந்தை நிதியங்களிற் பெரும்பாலானவை அயர்லாந்தில் பதிவானவை. அவற்றுக்கு இப்பாதுகாப்புப் பொதுவாக இல்லை. பங்கு விலை விழுவதனால் வரும் நட்டத்தை எத்திட்டமும் இரண்டிலும் ஈடுசெய்யாது. பைக்குள் ஏற்பட்ட நட்டத்தை வெளியே பெற்ற ஆதாயத்திற் கழித்துக்கொள்ளவும் இயலாது. அமெரிக்கக் கம்பனிகளின் பங்கிலாபத்தில் அந்நாடு நூற்றுக்குப் பதினைந்து முன்னதாகவே பிடித்துக்கொள்ளும். பை அதற்குத் தடையன்று. ‘வரியில்லை’ என்ற சொல்லுக்கு ‘பிரித்தானிய வரியில்லை’ என்பதே பொருள்.

எமக்குப் பெரிதாகத் தோன்றியது செலவுதான். கணக்குக் கொப்பியை எடுத்து ஓர் இரவு உட்கார்ந்தோம். மாதம் 200 பவுண், இருபதாண்டு. போட்ட தொகை மட்டும் 48,000. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வளரும் என்று கொள்வோம். இது அனுமானமே, வாக்குறுதியன்று. ஆண்டுச் செலவு நூற்றுக்கு 0.2 என்றால் முடிவில் ஏறத்தாழ 80,300 பவுண். செலவு நூற்றுக்கு ஒன்றரை என்றால் 69,400. வேற்றுமை பதினோராயிரத்துக்கு அண்மையில்; பிள்ளை நான்கரை ஆண்டு மிச்சம் பிடிக்கும் காசு. எந்த வரிகாரனும் அவளிடம் அவ்வளவு கேட்கமாட்டான். வரிக்கு அஞ்சிப் பையைத் தேடுகின்றவர், பைக்குள்ளிருந்தே ஒழுகுவதைப் பார்ப்பதில்லை.

சந்தை நிதியம் மலிவு, அலகு நிதியம் விலையுயர்வு என்று பலர் சொல்கின்றார்கள். அது பழைய கதை. தேர்ச்சி பெற்ற ஒருவர் பங்குகளைத் தெரிந்து வாங்கும் நிதியத்துக்குச் செலவு கூடும். குறியீட்டெண்ணை அப்படியே பின்பற்றி, பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கும் நிதியத்துக்குச் செலவு குறையும். 1976இல் போகில் தொடங்கிய வழி அது. இவ்விரண்டாவது வகை, அலகு உருவிலுங் கிடைக்கும், சந்தை உருவிலுங் கிடைக்கும். இன்று இரண்டின் செலவும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது வாங்கும் கூலி. சில தரகர் நிலையங்கள் சந்தை நிதியத்தை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஐந்து பவுணோ அதற்கு மேலோ அறவிடுகின்றன. 200 பவுணுக்கு ஐந்து பவுண் என்பது வாசலிலேயே நூற்றுக்கு இரண்டரை. பதினாயிரத்தை ஒரே தடவையில் இடுபவருக்கு அது தூசு. மறுபுறத்தில், சில நிலையங்கள் அலகு நிதியங்களை வைத்திருப்பதற்கு வீதக் கணக்கிற் கூலி வாங்குகின்றன. சந்தை நிதியத்துக்கு அக்கூலியில் உச்ச எல்லை வைத்திருக்கின்றன. தொகை பெருகப் பெருக இது பக்கம் மாறும்.

ஆகவே மருமகளுக்கு எழுதினோம். மாதச் சேமிப்புக்குக் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் மலிவான அலகு நிதியம். கூலியின்றிச் சில்லறையாகச் சேர்க்கலாம், விலையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மொத்தத் தொகைக்கு இரண்டும் ஒன்றுதான். சந்தை நிதியமாயின் விலை வரையறுத்து வாங்கு. ஐந்தாண்டுள் வீடு வாங்க எண்ணினால் அப்பணத்தை இரண்டிலும் இடாதே, வங்கியில் வை. ஊருக்குத் திரும்பி வந்து குடியேறினால் பையை வைத்திருக்கலாம், ஆனால் புதிதாக ஒரு சதமும் இட முடியாது. இலங்கைச் சட்டம் அப்பையை வரியில்லாப் பையென்று அறியாது என்பதையும் எழுதினோம்.

அவள் பெரியவள்; நாம் எழுதியதில் முக்காற் பங்கைக் கேட்டாள். நாலாயிரத்தை வங்கியில் விட்டாள், அம்மா அப்பாவுக்கு ஒன்றென்றால் அன்றே விமானம் ஏற வேண்டுமென்று. எட்டாயிரத்தில் ஆறாயிரம், ஏப்பிரல் 3ஆம் திகதி அலகு நிதியத்துக்குப் போயிற்று. மிச்சம் இரண்டாயிரத்தை அப்பாவின் பெயருக்கு அனுப்பிவிட்டாள், வங்கியில் நிலையான வைப்பில் இடும்படி. “கணக்குப்படி பிழைதான் மாமா. ஆனால் அப்பா ஒருக்காலாவது வங்கிக் கதவு திறந்திருக்கிறதைப் பாக்கட்டும்” என்றாள் தொலைபேசியில். நாம் மறுமொழி சொல்லவில்லை. அத்தானை அழைத்துக்கொண்டு வத்தளை வங்கிக்குப் போய், வைப்பையும் இட்டு, அந்த வெளிப்படுத்தற் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்து வந்தோம். படிவத்தின் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தவர் வீடு வரும்வரை நாலு தரம் தொட்டுப் பார்த்தார்.

சந்தை நிதியத்தை நாம் வற்புறுத்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மருமகளுக்கு எழுதவில்லை. இப்பொழுது நாள்தோறும் மாலை விளக்கு வைக்கும் நேரம் படலை திறக்கும். “தம்பி, பிள்ளையின்ரை இண்டைய விலை வந்திட்டுதோ?” என்பார் அத்தான். நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியிற் பார்த்துச் சொல்லுவோம். ஏறியிருந்தால் ஒரு தேநீர் கேட்பார். இறங்கியிருந்தால் கேளாமற் போவார். நாளுக்கு ஒரு விலை என்பதனால் ஒருமுறைதான் வருகின்றார்.